படிக்க மட்டும்

எங்கள் வீட்டில் ஆள் நாலு, கம்ப்யூட்டர் மூன்று. கம்ப்யூட்டர் இல்லாத அந்த ஓர் ஆள் நான்தான்.

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடை தூரத்தில் எண்ணூறு சதுர அடி ஃபிளாட். ஹாலில் என் மனைவியின் விண்டோஸ். உள்ளறையில் மகளின் மேக். பால்கனியைத் தடுத்துவிட்டு, அறை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கும் இடத்தில் மைத்துனர் மகனின் லினக்ஸ். மூன்றுக்கும் ஒரே வை-ஃபை, ஒரே இன்வெர்ட்டர், ஒரே கரண்ட் பில். இருந்தாலும் ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. எதிர்வீட்டுத் தாளிப்பு வாசனையை வைத்தே அங்கே வத்தக்குழம்பா மோர்க்குழம்பா என்று சொல்லிவிடும் வம்சம் என்னுடையது. பத்தடி தள்ளி இருக்கும் உறவினரைத் தெரியாத இந்த ஜென்மங்கள் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ், என் மனைவி குடியிருப்போர் சங்கப் பொருளாளர் ஆனபோது வந்தது. ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி அசெம்பிள் செய்தது. யார் எந்த மாத மெயின்டனன்ஸ் பாக்கி என்பதெல்லாம் அதிலுள்ள ஓர் எக்ஸெல் கோப்பில் அடக்கம். ஆகவே எங்கள் கட்டடத்து ஆண்கள் அவள் லிஃப்ட்டில் ஏறினால் தாங்கள் படியேறிவிடுவார்கள். மேக், மகள் ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து தவணையில் வாங்கியது. அதைத் தொடும் முன் கை கழுவ வேண்டும் என்பது விதி. தொட்ட பின்பும் அவள் ஒரு முறை துடைப்பாள்.

லினக்ஸுக்குத்தான் பூர்வ கதை உண்டு. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. எல்காட் கொள்முதல் செய்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூட ‘பாஸ்’ என்ற லினக்ஸும் வந்தது. ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். உருவாக்கியவர்கள் நம் சென்னை சி-டாக்காரர்கள்தான். திண்டிவனத்தில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மைத்துனர் மகன், கூடப் படித்தவர்கள் விண்டோஸ் பக்கம் சினிமா பார்த்துக்கொண்டிருந்தபோது, மற்றப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறான். அதோடு சரி, பையன் கைவிட்டுப் போய்விட்டான். இப்போது ஓ.எம்.ஆரில் நல்ல வேலை, நல்ல சம்பளம். அந்த மடிக்கணினியை மட்டும் விடவில்லை. பேட்டரி செத்துவிட்டது, பிளக்கைப் பிடுங்கினால் கணினியும் சாகும். பழைய இரும்புக்காரரிடம் போடேன்டா என்றால், “மாமா, இதுதான் சர்வர்” என்கிறான்.

இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டிய அவசியம் என்னால்தான் வந்தது. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020இல் 58இலிருந்து 59 ஆக்கினார்கள். மறு வருஷமே 60 ஆக்கினார்கள். எனக்கு இரண்டு வருஷம் கூடுதல் சம்பளம், என் மனைவிக்கு இரண்டு வருஷம் கூடுதல் நிம்மதி. இதனால் ஓய்வும் அறுபதாம் கல்யாணமும் கைகோத்துக்கொண்டு வந்து சேர்ந்தன.

“அப்பா, மணிவிழா அன்னிக்கு உங்க லைஃப் பூரா ஸ்கிரீன்ல ஓட்டணும்” என்றாள் மகள். என் லைஃப் பூரா எங்கே இருக்கிறது என்று தேடியபோதுதான் விஷயம் வெளிவந்தது. பத்திரிகை டிசைன் மேக்கில். யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல் விண்டோஸில். பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பது லினக்ஸில். என்னுடைய அறுபது வருஷத்தையும் மூன்று கம்பெனிகள் பங்கு போட்டு வைத்திருந்தன.

“ஃபைல் விஷயம்தானே? என்னிடம் விடுங்கள்” என்றேன்.

அகம்பாவம் என்று நினைக்க வேண்டாம். முப்பத்து மூன்று வருஷம் நான் செய்த ஒரே வேலை ஃபைல். ஒரு கோப்பு எந்த மேஜையில் பிறந்து, எந்த மேஜையில் வளர்ந்து, எந்த அலமாரியில் மோட்சம் அடையும் என்பது எனக்கு மனப்பாடம். ‘பார்வைக்கு’ என்று வந்தால் படிக்கலாம், எழுதக் கூடாது. ‘ஒப்புதலுக்கு’ என்று வந்தால் எழுதலாம், ஆனால் எழுதாமல் இருப்பதே சிறப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கோப்பு ஒரே நேரத்தில் இரண்டு மேஜையில் இருக்க முடியாது. நிர்வாகத்தின் அஸ்திவாரமே இதுதான். ‘கோப்பு என்னிடம் இல்லை’ என்ற உலகப் புகழ்பெற்ற பதிலுக்கு இதைவிட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

அந்த அனுபவத்தோடு ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடையாய் நடந்தேன். மனைவியின் விண்டோஸில் தயார் செய்த பென் டிரைவை மேக்கில் செருகினால், மேக் உள்ளே இருப்பதையெல்லாம் படித்தது. ஒரு வரி எழுத மறுத்தது. அது என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸ் முறைப்படி அமைந்ததாம். மேக் அதைப் பார்வையிடும், கை வைக்காது. பழைய ஃபேட்-32 முறைக்கு மாற்றினேன். மூன்றும் ஒத்துக்கொண்டன. ஆனால் அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. 1993இல் நடந்த எங்கள் கல்யாணத்தின் வீடியோ கேசட்டை டிஜிட்டல் ஆக்கி வைத்திருந்த கோப்பு அதைத் தாண்டியது. இத்தனைக்கும் அதில் முக்கால்வாசி பந்தி. என் பெரியப்பா மூன்றாம் முறை பாயசம் வாங்குவதைக் கொண்டுபோக இடமில்லாமல் ஒரு தொழில்நுட்பம் தோற்று நின்றது.

“மாமா, எக்ஸ்ஃபேட்னு ஒண்ணு இருக்கு, அதுல போகும்” என்றான் மைத்துனர் மகன். “ஆனா எதுக்கு நீங்க நடக்கணும்? கோப்பு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். மூணு பேரும் அங்கயே போய்ப் பார்த்துக்கலாம்.”

“மூன்று பேரும் ஒரே நேரத்திலா?”

“ஆமா.”

“அப்போது கோப்பு யார் மேஜையில் இருக்கும்?”

“எல்லார் மேஜையிலும்.”

எனக்கு லேசாகத் தலை சுற்றியது. எல்லார் மேஜையிலும் கோப்பு இருந்தால் எவன்தான் என்ன பதில் சொல்லித் தப்பிப்பது?

அவன் உட்கார வைத்துப் பாடம் எடுத்தான். 1983 வாக்கில் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் என்றொருவர், ஒரு கம்ப்யூட்டரின் வட்டை இன்னொரு கம்ப்யூட்டர் தன்னுடையதுபோலவே பயன்படுத்த ஒரு பேச்சுமுறையை அமைத்தார். தன் பெயரின் முதலெழுத்துகளையே சேர்த்து ‘பி.ஏ.எஃப்.’ என்றார். பிறகு அது ‘எஸ்.எம்.பி.’ ஆயிற்று, மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. 1984இல் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக சன் கம்பெனி என்.எஃப்.எஸ். என்று வேறொன்றைக் கொண்டுவந்தது. ஆப்பிளும் சும்மா இருக்குமா, தனக்கென்று ஏ.எஃப்.பி. வைத்துக்கொண்டது. ஃபைகன்பாமை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமை. நானும் முப்பத்து மூன்று வருஷம் ஒவ்வொரு பக்கத்திலும் இனிஷியல் போட்டவன்தான். என் இனிஷியலில் ஒரு மேஜை நாற்காலிக்குக்கூடப் பெயர் வைக்கவில்லை.

“அப்ப யாருமே யாரோடயும் பேச முடியாதா?” என்று கேட்டாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

“பேச வெச்சது ஒரு ஸ்டூடன்ட் அத்தை. ஆண்ட்ரூ டிரிட்ஜெல். ஆஸ்திரேலியா, கான்பெரா.”

1991 முடிந்து 1992 பிறக்கும் சமயம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர் டிரிட்ஜெல். அவர் மேஜையில் ஒரு பி.சி.; கோப்புகள் இருப்பதோ சன் கம்ப்யூட்டரில். பி.சி.யில் இருந்த டெக் கம்பெனியின் பாத்வொர்க்ஸ் மென்பொருளுக்குத் தன் சொந்தக் கம்பெனி சர்வரோடுதான் பேச்சுவார்த்தை. அந்தப் பேச்சின் விதிகள் அவர் கையில் இல்லை. அவர் விதிப் புத்தகம் தேடி அலையவில்லை. கம்பியில் போகிற வருகிற செய்திகளை எல்லாம் உட்கார்ந்து கேட்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். இது என்ன கேட்கிறது, அது என்ன பதில் சொல்கிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு தன் கம்ப்யூட்டரையும் அதே பதில்களைச் சொல்ல வைத்தார். பிரெஞ்சு தெரியாதவன் ஒரு பிரெஞ்சு காபிக்கடையில் போய் உட்கார்ந்து, மற்றவர்கள் என்ன சொன்னால் என்ன வருகிறது என்று பார்த்தே மொழியைக் கற்பதுபோல என்று பிற்பாடு அவரே விளக்கினாராம்.

“அதாவது, ஒட்டுக் கேட்டிருக்கிறார்” என்றேன்.

“இல்ல மாமா. அதுக்குப் பேரு புரோட்டோகால் அனாலிசிஸ்.”

இதே அனாலிசிஸை நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று செய்தபோது என் மனைவி வேறு பெயர் சொன்னாள். கான்பெராவில் பிறந்திருக்க வேண்டியவன் நான்.

ஆனால் கதையில் எனக்குப் பிடித்த கட்டம் அடுத்தது. எழுதியதை டிரிட்ஜெல் கிட்டத்தட்ட மறந்தே போனார். ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, வீட்டில் மனைவியின் பி.சி.யைத் தன் லினக்ஸோடு இணைக்க வேண்டியிருந்தது. வேறு வழி தெரியாமல் பழைய புரோகிராமைத் தோண்டியெடுத்து ஓட்டிப் பார்த்தார். அவரே ஆச்சரியப்படும்படி வேலை செய்தது. இன்று உலகம் முழுக்க ஓடுகிற அந்த மென்பொருள் மறுபிறவி எடுத்தது ஒரு கணவன் மனைவிக்குச் செய்துகொடுத்த காரியத்தால். இது 1993 கடைசியில். அதே வருஷம் நானும் புது மனைவிக்காக ஒரு கனெக்‌ஷனுக்கு அலைந்துகொண்டிருந்தேன். அது கேஸ் கனெக்‌ஷன்.

பெயர் வைத்த விதமும் ஒரு கூத்து. முதலில் வைத்த பெயர் தங்களுடையது என்று ஒரு கம்பெனி ஆட்சேபித்ததாம். டிரிட்ஜெல் ஒட்டுக் கேட்டது எஸ்.எம்.பி. பேச்சைத்தான் என்பதால், கம்ப்யூட்டரில் இருந்த அகராதியை எடுத்து, எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொற்களைத் தேடச் சொன்னார். ‘சால்மன்பெரி’ வந்தது, ‘ஸ்க்ராம்பிள்’ வந்தது, நடுவே ‘சம்பா’ வந்தது. அதையே வைத்துவிட்டார். அகராதியில் அது பிரேசில் நடனம். அடுப்படியிலிருந்து வந்த கேள்வி: “சீரக சம்பாவா, கிச்சிலி சம்பாவா?”

விதிப் புத்தகம் கடைசியில் கிடைத்ததா என்று கேட்டேன், பழக்க தோஷம். கிடைத்தது. 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் போட்டு, மற்றவர்களின் சர்வர்கள் விண்டோஸோடு பேசத் தேவையான விவரங்களைத் தர வேண்டும் என்றது. மைக்ரோசாஃப்ட் வழக்காடி 2007 செப்டம்பரில் தோற்றது. அந்த டிசம்பரில் சம்பா குழுவுக்காக ஒரே தவணையாக 10,000 யூரோ கட்டி ஆவணங்களைப் பெற்றார்கள். ஒட்டுக் கேட்க ஆரம்பித்ததிலிருந்து கணக்கிட்டால் பதினைந்து வருஷம் தாண்டிவிட்டது. விண்ணப்பம் சரியான வழியில் போயிருக்கிறது என்று எனக்குத் திருப்தி.

ஆப்பிளும் பல வருஷம் தன் மேக்குக்குள் சம்பாவையே வைத்திருந்தது. 2011இல் அதை எடுத்துவிட்டுத் தன் சொந்தச் சரக்கை வைத்தது. 2013 முதல் ஏ.எஃப்.பி.யைப் பின்னுக்குத் தள்ளி எஸ்.எம்.பி.யையே முதல் மொழியாக்கியது. ஆக, மூன்றுக்கும் இன்று ஒரே மொழி தெரியும்.

“அப்புறம் ஏன் நம் வீட்டில் பேசாமல் இருக்கின்றன?”

“மொழி தெரிஞ்சா போதுமா மாமா? பேச அனுமதி வேணும்ல?”

அனுமதிக்கு முன்னால் கம்பி வேண்டும் என்றான். அவ்வளவு பெரிய வீடியோவுக்கு எங்கள் வை-ஃபை தாங்காதாம். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளில் எந்தத் தெரு இன்று ஒருவழி என்று ஆட்டோக்காரரும் நானும் விவாதித்தபடி ரிச்சி தெரு போய்ச் சேர்ந்தோம். மனிதன் ஒருவன் நுழைந்தால் இன்னொருவன் வெளியே வர வேண்டிய கடை.

“கேட்-5ஈயா, கேட்-6ஆ சார்?”

எது உயர்ந்தது என்று கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார். “நல்லதா கொடுங்க” என்றேன்.

“எவ்ளோ தூரம் சார்?”

“ஹாலிலிருந்து பால்கனி.”

“வீடு எவ்ளோ பெருசு?”

சொன்னேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சார், கேட்-5ஈயே நூறு மீட்டர் வரைக்கும் ஒரு ஜிகாபிட் ஓடும். உங்க வீட்டை ரெண்டு சுத்து சுத்திட்டு மிச்சத்துல துணி காயப்போடலாம்.”

வாங்கி வந்து பார்த்தால் மகளின் மேக்கில் அந்தக் கம்பியைச் செருகத் துவாரமே இல்லை. அதற்குத் தனியாக ஓர் அடாப்டர். மறுபடியும் ரிச்சி தெரு. அடாப்டர் விலை கம்பி விலையைப்போல் பல மடங்கு. ஆப்பிள்காரர்கள் துவாரத்தை எடுத்துவிட்டதற்கான காரணம் கல்லாவில் நின்றபோது புரிந்தது.

பிறகு அனுமதிப் படலம். விண்டோஸைத் தட்டினால் பதிலே இல்லை. மைத்துனர் மகன் ஆராய்ந்துவிட்டு, “அத்தை, இந்த நெட்வொர்க்கைப் ‘பப்ளிக்’னு யாரு வெச்சது?” என்றான். வை-ஃபை புதிதாக வந்த அன்று, இந்தக் கம்ப்யூட்டரை மற்றவர்கள் பார்க்கலாமா என்று விண்டோஸ் கேட்டபோது, குடும்ப கௌரவத்தை உத்தேசித்து ‘கூடாது’ என்று அழுத்தியவர் ஒருவர் உண்டு. அவர் அப்போது பால் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்தது கதவு எண். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எஸ்.எம்.பி.க்கு பழைய எண் 139, புதிய எண் 445. விண்டோஸ் 2000 வந்தபோது மாறியது. ராயப்பேட்டையில் கூரியர்காரர் பழைய எண்ணைக் கேட்டுக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றுவதுபோலவே, டி.வி.யோடு இருந்த எங்கள் பழைய மீடியா பெட்டி இன்னும் பழைய வழியிலேயே வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தெரிந்தது எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு மட்டும். அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் ‘வானாக்ரை’ உலகெங்கும் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து முதல் பதிப்பைத் தாமாக நிறுவுவதையே நிறுத்திவிட்டார்கள். டி.வி. பெட்டி தள்ளுபடி.

அதோடு ‘கெஸ்ட்’டும் போயிற்று. முன்பெல்லாம் பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளி என்று சொல்லி உள்ளே வரலாம். இப்போது விண்டோஸின் பல பதிப்புகள் அதை ஒப்புக்கொள்வதில்லை. இந்தத் தொழில்நுட்பம் வீட்டுக்கும் வந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஏங்கினேன். இன்டர்வியூவுக்காக ஒரு வாரம் தங்க வந்தவன்தான் எனக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறான்.

விண்டோஸில் இருப்பதை மற்றவர் பார்க்க, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும். தினமும் தட்டும் நாலு இலக்கப் பின் செல்லாது. பாஸ்வேர்டு பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நோட்டு மனைவியிடம் இருக்கிறது. அவள் கொண்டுவந்தாள், விசைப்பலகை முன் உட்கார்ந்தாள், என்னைப் பார்த்தாள். “ஏங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க.” மைத்துனர் மகனும் மகளும் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாவற்றையும் லினக்ஸில் ஒரே இடத்தில் சேர்த்ததும், மூன்று திரையிலும் ‘மணிவிழா’ என்ற அடைவு ஒரே சமயத்தில் எட்டிப் பார்த்தது. கற்பூரம் ஏற்றலாமா என்று நான் யோசிப்பதற்குள் உள்ளே சண்டை ஆரம்பித்தது.

“நான் ஒரு கொலுதானே வெச்சேன்? இங்க ஏன் ரெண்டு கொலு இருக்கு?” என்றாள் மனைவி. உண்மைதான். ‘கொலு 2016’ என்று ஒரே பெயரில் இரண்டு அடைவுகள். ஓர் எழுத்து வித்தியாசமில்லை. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது என்பது எந்தக் கம்ப்யூட்டருக்கும் வேத வாக்கு. அப்படியிருக்க இது எப்படி?

குற்றவாளி நம் ‘கொ’. கம்ப்யூட்டருக்குள் அதை இரண்டு விதமாக வைக்கலாம். ‘க’வுக்குப் பின் ‘ொ’ என்று ஒரே குறியாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடு விதி. விண்டோஸில் என் மனைவி தட்டியது ஒரே குறி. மகளின் பழைய மேக்கோ பெயரைப் பிரித்து வைப்பதையே வழக்கமாகக் கொண்ட ஹெச்.எஃப்.எஸ். ப்ளஸ் காலத்தது, அதிலிருந்து மைத்துனர் மகன் முன்பே நகலெடுத்த படங்கள் பிரிந்த கொம்போடு வந்து சேர்ந்திருந்தன. லினக்ஸ் எழுத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்களைப் பார்க்கிறது. எண் வேறு, ஆகவே கொலுவும் வேறு. தமிழ் தட்டச்சு லோயர் தேறியவன் என்ற முறையில் இந்த ஒரு விஷயம் எனக்கு உடனே விளங்கிற்று. அந்த மெஷினில் நாங்களும் கொம்பைத் தனியாகத்தான் அடித்தோம், காலைத் தனியாகத்தான் அடித்தோம். “இதைத்தானே அன்றைக்கே சொன்னேன்” என்றேன். அன்றைக்கு நான் எதையும் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் மறுக்கவில்லை.

அடுத்த புகார். “யாருங்க இந்த ‘டி.எஸ். ஸ்டோர்’? எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் நிக்கிறான். ஜாம் பஜார் கடையா?” மேக் எந்த அடைவுக்குள் போனாலும் சன்னல்களும் படங்களும் எப்படி இருந்தன என்று குறித்து ஒரு சின்னக் கோப்பை விட்டுவிட்டு வருமாம். பதிலுக்கு, அம்மாவின் விண்டோஸ் விட்டுச் செல்லும் ‘தம்ப்ஸ்’ கோப்புகளை மகள் சுட்டிக்காட்டினாள். தாயும் மகளும் யாருடைய குப்பை யார் வீட்டில் என்று வாதாடியதை நான் தலையிடாமல் புரோட்டோகால் அனாலிசிஸ் செய்தேன்.

மைத்துனர் மகன் ஒரு பழைய படத்துக்கு ‘இது யாரு கல்யாணம்?’ என்று பெயர் வைத்திருந்தான். லினக்ஸில் அப்படி வைக்கலாம். விண்டோஸில் பெயருக்குள் கேள்விக்குறிக்கு இடமில்லை. ஆகவே சம்பா அதைச் சுருக்கி, சில ஆங்கில எழுத்தும் நடுவே ஒரு நெளிகோடுமாக மாற்றிக் காட்டியது. கேள்விக்குறியை அனுமதிக்காத சாதனம் என் மனைவிக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போயிற்று என்பது அன்றுதான் தெரிந்தது.

எல்லாம் ஓய்ந்ததும் நான் எனக்கென்று விண்டோஸில் கொடுத்திருந்த தனி லாகினில் நுழைந்து, அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். ஆபீஸ் நண்பர்கள் ஒருவரும் அதில் இல்லை. தட்டிச் சேமிக்கப் போனால், அனுமதி இல்லை.

மைத்துனர் மகன் நிதானமாக விளக்கினான். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பு: உரிமையாளர், குழு, மற்றவர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. வேண்டியதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். “இந்தக் கோப்பெல்லாம் 664 மாமா. உரிமையாளர் நான், 6. குழுவுல அத்தையும் பாப்பாவும், அவங்களுக்கும் 6.”

“அந்த 4?”

“மற்றவர்.”

வீட்டில் மீதி இருந்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். என் மணிவிழாவில் நான் ‘மற்றவர்’. வாடகை ஒப்பந்தம் என் பெயரில், ரேஷன் கார்டில் தலைவர் நான், வை-ஃபை பில் என் பென்ஷனில். “எனக்கு 7 வேண்டும்” என்றேன். “உங்களுக்கு எதை மாமா இயக்கணும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் நான் எதையும் இயக்கியதில்லை. இரண்டு நாள் அவனுக்கு பீட்டர்ஸ் சாலையிலிருந்து நெய் ரோஸ்ட் வரவழைத்ததில், குழுவில் என்னைச் சேர்த்து 6 ஆக்கினான்.

அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு பட்டியலைத் திறந்தேன். ஒரு பெட்டி எழுந்து வந்தது. இந்தக் கோப்பை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார். படிக்க மட்டும் திறக்கட்டுமா என்றது. அந்த வேறொருவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எக்ஸெலை அவள் மூடுவதே இல்லை. அவளுடைய லாகினில் அது திறந்தபடியே இருக்கிறது. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. ஒரு கோப்பு ஒரே நேரத்தில் ஒரே மேஜையில் என்ற என் நிர்வாகத் தத்துவம் செத்துப்போகவில்லை, கல்லுப் பிள்ளையார்போல் இருக்கிறது. மேஜைதான் மாறிவிட்டது.

வேறு வழியில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். ‘பொருள்: மணிவிழா – அலுவலக நண்பர்களை அழைத்தல் – அனுமதி வேண்டி’ என்று தலைப்பிட்டு, பெயர்களை வரிசையாக எழுதி, காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் சமர்ப்பித்தேன். மாலையே திரும்பி வந்தது. அரசாங்கத்தில் நான் பார்க்காத வேகம். ஓரத்தில் அவள் கையெழுத்து:

‘பார்த்தேன். பந்தி எண்ணிக்கை கேட்டரிங்காரருக்குச் சொல்லியாகிவிட்டதால் ஐந்து பேர் மட்டும் அனுமதிக்கப்படுகிறார்கள். மற்றவர்கள் நம் வீட்டு விசேஷங்களில் இதுவரை எழுதிய மொய் விவரம் இணைக்கப்படவில்லை. இணைத்து மீண்டும் அனுப்பவும்.’

கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள். போட்டேன். எழுதும் உரிமை அந்த ஓர் அங்குலத்தில் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.